‘சும்மா ஓர் அவில்தானே’: அரிப்பு மாத்திரையில் நாம் செய்யும் தவறுகள்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, மூக்கில் நீர் ஒழுகுகிறதென்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார் என் சித்தப்பா. வயது எழுபத்திரண்டு, பிராஸ்டேட் வீக்கம் ஏற்கெனவே உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு அடிவயிறு கல்லாக இறுகி, ஒரு சொட்டுச் சிறுநீர்கூட இறங்காமல் துடித்தார். மருத்துவமனையில் குழாய் செருகித்தான் வெளியேற்றினார்கள். பணியிலிருந்த மருத்துவர் முதலில் கேட்டது: “சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டீர்களா ஐயா?”

சட்டைப்பையில் மிச்சம் ஒன்று இருந்தது. கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்ததால் மருந்தின் பெயர் அறுபட்டு, தகட்டில் ‘மேலியேட்’ என்ற வால் மட்டும் தெரிந்தது. மருத்துவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. குளோர்பெனிரமைன் மேலியேட். சி.பி.எம். என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் சொல்வார்களே, அதுதான்.

குளோர்பெனிரமைன், அவில் என்ற பெயரில் நாம் அறிந்த பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன், புரோமெத்தசின், ஹைட்ராக்சிசின் எல்லாம் ஒரே குடும்பம்: முதல் தலைமுறை ஒவ்வாமை மருந்துகள். ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின்தான் அரிப்பு, தடிப்பு, தும்மல், கண்ணீர் எல்லாவற்றுக்கும் காரணம். அது போய் ஒட்டும் இடத்தை இந்த மருந்துகள் முந்திக்கொண்டு அடைத்துவிடுகின்றன. சிக்கல் என்னவென்றால், இவை மூளைக்குள்ளும் எளிதாக நுழைந்துவிடும். அங்கே ஹிஸ்டமினுக்கு வேறு வேலை: நம்மை விழிப்பாக வைத்திருப்பது. போதாததற்கு, அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் வேலையையும் இவை தடுக்கின்றன. வாய் வறள்வதும், மலம் இறுகுவதும், பார்வை மங்குவதும், சித்தப்பாவுக்குச் சிறுநீர் நின்றதும் அதனால்தான்.

நான் அதிகம் கேட்கும் வாசகம், “எனக்கு அவில் போட்டால் தூக்கமே வராது, வண்டி ஓட்டுவேன்” என்பது. இதைவிட ஆபத்தான தவறு இந்த விஷயத்தில் இல்லை. அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. கார் ஓட்டுவதைப் போலவே அமைந்த ஒரு பாவனை இயந்திரத்தில் மக்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். 50 மில்லிகிராம் டைபென்ஹைட்ரமைன் சாப்பிட்டபோது, மது அருந்தியபோது ஓட்டியதைவிடவும் மோசமாக ஓட்டினார்கள். என்னை உலுக்கியது அடுத்த முடிவுதான்: தூக்கமாக இருக்கிறதா என்று அவர்களே சொன்ன பதிலை வைத்து, யார் மோசமாக ஓட்டுவார்கள் என்று கணிக்க முடியவில்லை. கண் சொக்காமல் இருக்கும்போதே கை தடுமாறுகிறது. ஆகவே தூக்கம் வரவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரவு போட்டால் காலையில் தெளிந்துவிடும் என்பதும் தவறான கணக்கு. குளோர்பெனிரமைன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குப் போட்ட மாத்திரை, மறுநாள் நீங்கள் இருசக்கர வண்டியை உதைக்கும்போதும் பாதிக்கு மேல் உள்ளே இருக்கிறது. மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் மந்தம் பல மடங்காகும்.

அடுத்தது, தெரியாமலே இரண்டு முறை சாப்பிடுவது. காய்ச்சல், சளி, உடல்வலி எல்லாவற்றுக்கும் என்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலுடன் குளோர்பெனிரமைனும் இருக்கிறது. இருமல் சிரப்புகள் பலவற்றிலும் இருக்கிறது. அரிப்புக்குத் தனியாக ஒன்று, சளிக்கு ஒன்று, இருமலுக்கு ஒரு மூடி என்று எடுப்பவர் ஒரே மருந்தை மூன்று வழியாக விழுங்குகிறார். அட்டையைக் கத்தரிக்கச் சொல்லாமல், பெயர் தெரியும்படி முழுதாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். மேலே பெரிதாக அச்சிட்ட வணிகப் பெயர் எதையும் சொல்லாது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பஸ் பயணத்தில் அழாமல் தூங்கட்டும் என்று சளி சிரப் கொடுக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு இது நேர்மாறாக வேலை செய்து, தூங்கவிடாமல் துள்ளவைக்கும். புரோமெத்தசின் இரண்டு வயதுக்குட்பட்டவர்களின் மூச்சையே அடக்கிவிடக்கூடியது. குளோர்பெனிரமைனும், மூக்கடைப்பைக் குறைக்கும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவுறுத்தியிருக்கிறது.

முதியவர்களுக்கு இந்த மாத்திரை குழப்பம், தள்ளாட்டம், கீழே விழுதல் எல்லாம் தரும். திடீரென்று தாத்தா பேச்சு குழறினால், நேற்று என்ன மாத்திரை போட்டார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண் நீர் அழுத்த நோயின் (கிளாக்கோமா) ஒரு வகையிலும் பிராஸ்டேட் வீக்கத்திலும் இதைத் தொடவே வேண்டாம். பெரும்பாலான ஒவ்வாமைத் தொல்லைகளுக்கு செட்டிரிசின், லோரடடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் இருக்கின்றன. மூளைக்குள் அவ்வளவாக நுழையாதவை. செட்டிரிசின் மட்டும் சிலருக்குச் சற்றுத் தூக்கம் தரும். எது தமக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வாரக்கணக்கில் அவிலைப் போட்டு அரிப்பை அமுக்குவதும் உண்டு. வீட்டில் எல்லாருக்கும் இரவில் அரிப்பு, விரல் இடுக்கில் சிறு கொப்புளங்கள் என்றால் அது சொறிச்சிரங்காக இருக்கலாம். அதற்குத் தடவும் மருந்து வேண்டும். தோலுக்குள் குடியிருந்து அதை உண்டாக்கும் நுண்பூச்சியை மாத்திரை கொல்லாது; மாத்திரையின் வேகம் அடங்கியதும் அரிப்பு திரும்பும்.

கடைசியாக, உயிர் போகிற தவறு. இறாலோ வேர்க்கடலையோ தின்று, அல்லது குளவி கொட்டி, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அவில் தேடி ஓடாதீர்கள். மாத்திரை கரைந்து வேலை செய்ய நேரம் ஆகும். செய்தாலும் தொண்டை அடைப்பையோ சரியும் ரத்த அழுத்தத்தையோ அது நிறுத்தாது. அப்போது வேண்டியது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. 108ஐ அழையுங்கள். மயக்கமாக இருந்தால் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரவிடுங்கள். எழுந்து நடக்கவிடாதீர்கள்.