629001-ஐக் காரணிப்படுத்தும்போது எங்கே வழுக்குகிறோம்

நாகர்கோவிலில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். பெரிய எண்களின் காரணிகள் பாடம் வந்தாலே முதல் கணக்காக நம்ம ஊர் பின்கோடான 629001-ஐத்தான் கொடுப்பேன். போன வாரம் கொடுத்ததில் பாதிப் பேர், பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்பைச் செய்து வைத்திருந்தார்கள். கூட்டல் பிழை, இலக்கத்தை மாற்றி எழுதுவது எல்லாம் அவரவரே திருத்திக்கொள்ளலாம், அதை விடுகிறேன்.

பாதி வழியில் பேனாவை மூடுவது

இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே 9-ஆல் வகுபடும், ஈவு 69889. இதுவரை எல்லோரும் சரி. அப்புறம் 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் மீதி 6, 13-ஆல் மறுபடி மீதி 1. உடனே “பகா எண் சார்!” 13-ஓடு நிறுத்தலாம் என்று யார் சொன்னது? 264-இன் வர்க்கம் 69696, 265-இன் வர்க்கம் 70225. 69889 பகா எண் இல்லையென்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீரும். அப்படியென்றால் 263 வரையுள்ள பகா எண்கள் ஒன்றுகூட வகுக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்ல முடியும். இங்கே அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 13-க்குப் பிறகு எட்டுப் பகா எண்கள் கைவிரிக்கும், ஒன்பதாவதாக வருவது 47. 47 × 1487 = 69889.

நானும் அதைப் பகா எண் என்றே விடைத்தாளில் போட்டு, வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் 120 ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டை நீட்டி, “சார், 47-ஆல போகுதே” என்றாள். காசு போனதுகூடப் பரவாயில்லை, வகுத்திகளின் எண்ணிக்கை, கூடுதல் என்று அடுத்து வந்த கேள்விகளெல்லாம் அந்த ஒரு வரியை நம்பித்தான் நின்றன. 12 வகுத்திகள் வர வேண்டிய இடத்தில் 6 என்று அச்சில் கிடந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். கணித மேதை ஃபெர்மாவே 4294967297-ஐப் பகா எண் என்று நம்பியிருந்தார், 1732-இல் ஆய்லர் வந்து 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். அவர் ஃபெர்மா, தாங்கிக்கொள்ளலாம்.

முடிந்த பிறகும் வகுப்பது

சில பேர் நேர் எதிர். 1487 கிடைத்ததும் மறுபடி 7-இலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 1487-ஐ வகுக்கும் எண் 69889-ஐயும் வகுக்கும், ஆனால் 47-க்குக் கீழே எந்தப் பகா எண்ணும் அதை வகுக்கவில்லையே. 47-இன் வர்க்கமோ 2209, 1487-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 1487 பகா எண். 629001 = 3² × 47 × 1487, கணக்கு முடிந்தது.

அடுக்கோடு 1 கூட்ட மறப்பது

வகுத்திகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: (2+1)(1+1)(1+1) = 12. வெறும் அடுக்குகளைப் பெருக்கி 2 என்று எழுதினால், 1-ம் 629001-ம் மட்டுமே வகுத்திகள் என்று ஆகிவிடும்.

7-க்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது

கிடையாது மக்கா.

1-இல் முடிந்தால் பகா எண் என்பது

21.

எக்செல்லில் போட்டுப் பார்ப்பது

15 இலக்கம் வரை சரி. அதற்கு மேல் அடித்தால் 16-ஆவது இலக்கத்திலிருந்து பூஜ்யமாக்கிவிடும். பையன் அடித்தது ஒற்றைப்படை எண், கட்டத்தில் நிற்பது 10-ஆல் வகுபடும் எண், அவன் அதற்கும் உட்கார்ந்து காரணி கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.