குஞ்சு வாய் திறந்து மூச்சு வாங்குகிறதா? மருந்துக்கு முன் திருத்த வேண்டிய தவறுகள்

இரவில் விளக்கைத் தணித்துவிட்டு, கோழிக்குஞ்சுகள் அடங்கும்வரை அசையாமல் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். சிறு தும்மலோ, சளி கட்டிய கரகரப்போ கேட்டால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பகலில் இந்த ஒலி கீச்சொலிக்குள் அமுங்கிப்போகும். பகலில் மட்டும் எட்டிப் பார்ப்பவர்கள், குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்த பிறகே விழித்துக்கொள்கிறார்கள். இதுதான் முதல் தவறு.

நான் அதிகம் பார்த்த தவறு, குளிருக்குப் பயந்து காற்றை அடைப்பது. முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை என்பது உண்மைதான். அதற்காகச் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் கட்டி நாலாபுறமும் மூடினால், எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். தினமும் உள்ளே போய்வருபவரின் மூக்குக்கு அந்த நெடி பழகிவிடும். 'ஒன்றும் நாறவில்லையே' என்பார். மண்டியிட்டு, குஞ்சின் தலை இருக்கும் உயரத்துக்கு முகத்தைத் தாழ்த்தி முகர்ந்து பாருங்கள். கண் கரித்தால், அந்தக் காற்றைத்தான் அது இரவும் பகலும் சுவாசிக்கிறது. காற்றில் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தொட்டாலே, மூச்சுக்குழாயிலிருந்து தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்கள் பழுதாகத் தொடங்கும். கீழே குஞ்சின் மேல் நேராக வீசும் காற்றைத் தடுங்கள். மேலே காற்று வெளியேற வழி விடுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பது இன்னும் ஆபத்து. அதன் புகை குஞ்சை மட்டுமல்ல, ஆளையும் கொல்லும்.

அடுத்தது, தரையில் பரப்பும் கூளம். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியின் மேலேயே புது உமியைத் தூவி மூடிவிடுகிறோம். மேலே காய்ந்து தெரியும். அடியில் பூஞ்சை பிடிக்கும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள்: கையைத் திறந்ததும் உதிர வேண்டும், உருண்டையாகவே நின்றால் அகற்ற வேண்டும். அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் நுரையீரலில் இறங்கினால், குஞ்சு பெரும்பாலும் கரகரப்பே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதைத் தொடாது. பூஞ்சை வாடை அடிக்கும் மரத்தூளை வெயிலில் காயவைத்தும் பயன்படுத்தாதீர்கள். வித்துகள் அதிலேயே இருக்கும்.

தும்மல் கேட்டவுடன் ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். வெள்ளைக்கழிச்சலும் (ராணிக்கெட்) தொற்று மூச்சுக்குழாய் அழற்சியும் வைரஸ் நோய்கள். அந்த வைரஸ்களை இந்த மருந்து கொல்லாது. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வரும் நாள்பட்ட சளி நோயில் மருந்து அறிகுறியைத் தணிக்கும், ஆனால் தேறிய கோழி கிருமியைச் சுமந்தே திரியும், முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கும். அதன் முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது. சில நேரம் வாய் திறந்து மூச்சு வாங்குவது நோயே இல்லை, வெறும் புழுக்கம்தான். புழுங்கும் குஞ்சு சிறகை விரித்து, சூடு தரும் விளக்கை விட்டு விலகி ஓடும். நோயுற்றதோ பெரும்பாலும் கண்மூடி விளக்கடியில் ஒடுங்கும். உயிர்த் தடுப்பூசி (வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி கொண்டது) போட்ட சில நாட்களில் வரும் லேசான தும்மலுக்கும் அஞ்ச வேண்டாம். நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் ஏற்கனவே நோயுற்ற குஞ்சுக்குத் தடுப்பூசி போடாதீர்கள்.

குஞ்சைக் கையாளும்போது மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்காதீர்கள். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் உதரவிதானம் என்ற தசை பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. மூச்சுத் திணறும் குஞ்சின் வாயில் மருந்தை ஊற்றுவதும் வேண்டாம். மூச்சுக்குழாயின் திறப்பு நாக்கின் அடியருகே இருப்பதால், மருந்து நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம்.

இறந்த குஞ்சை உடனே புதைத்துவிடுகிறோம். எந்த நோய் என்று சொல்லக்கூடிய சாட்சி அதுதான். உறைய வைக்காமல், பையில் கட்டிக் குளிர்ச்சியாக வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஓரிரு நாளில் பல குஞ்சுகள் ஒன்றாகச் செத்தால் நீங்களே அறுத்துப் பார்க்காதீர்கள், எதையும் வெளியே கொண்டுபோகவும் வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருந்தால் அது மனிதருக்கும் தொற்றலாம். மருத்துவருக்குத் தகவல் சொல்லி, அவர் வரும்வரை பண்ணைக்குள் ஆட்களையும் விடாதீர்கள்.