புது லேப்டாப்பைப் பழைய மானிட்டருடன் இணைப்பது எப்படி?

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது 14 அங்குலத் திரையுள்ள லேப்டாப் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். குனிந்தே படித்து, ஒரே மாதத்தில் கழுத்து வலிக்கிறது என்றாள். பக்க வடிவமைப்பு வேலைக்காக அண்ணன் 2008இல் வாங்கிய 19 அங்குல மானிட்டர் பரணில் துணி சுற்றிக் கிடந்தது. இறக்கித் துடைத்து மின் இணைப்பு கொடுத்தவுடன் விளக்கு எரிந்தது. ஆனால் அதன் பின்பக்க நீலத் துளைக்குப் பொருந்தும் எதுவும் புது லேப்டாப்பில் இல்லை. பலரும் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து மானிட்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது.

படி 1: மானிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 துளைகளுடன், இருபுறமும் திருகு மாட்டும் இடத்தோடு இருப்பது விஜிஏ. அதைவிட அகலமாக, பெரும்பாலும் வெள்ளை நிறத்தில், ஓரத்தில் தட்டையான ஒரு பிளவோடு இருப்பது டிவிஐ. இரண்டும் இருந்தால் யோசிக்காமல் டிவிஐயைத் தேர்ந்தெடுங்கள். டிவிஐயும், இன்றைய லேப்டாப்களிலும் டிவிகளிலும் உள்ள எச்டிஎம்ஐ இணைப்பும் ஒரே வகை டிஜிட்டல் சமிக்ஞையில் இயங்குபவை. ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் டிவிஐ உள்ள சாதாரண கேபிள் போதும். படமும் கூர்மையாகத் தெரியும். எங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டுமே இருந்தது.

படி 2: லேப்டாப்பின் பக்கவாட்டைப் பாருங்கள்

எச்டிஎம்ஐ துளை இருந்தால் கவலை இல்லை. டைப்-சி மட்டும் இருந்தால் கொஞ்சம் கவனம் தேவை. எல்லா டைப்-சி துளையும் படத்தை வெளியே அனுப்பாது; சில, சார்ஜ் ஏற்றவும் கோப்புகளை நகர்த்தவும் மட்டுமே. துளையின் அருகில் மின்னல் குறியோ டிஸ்பிளேபோர்ட் (படத்தை வெளியே அனுப்பும் ஒரு முறை) குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லையென்றால் லேப்டாப்பின் விவரக் குறிப்பில் 'டிஸ்பிளேபோர்ட்' என்ற சொல்லைத் தேடிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

படி 3: சரியான கன்வெர்ட்டரை வாங்குங்கள்

நான் தவறியது இங்கேதான். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் "விஜிஏ எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்" என்று கேட்டு வாங்கி வந்தேன். மாட்டவே முடியவில்லை. அது பழைய கணினியைப் புதிய டிவியோடு இணைப்பதற்கானது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். இந்தக் கருவிகள் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும்.

கடையில் கையில் வாங்கிப் பாருங்கள். லேப்டாப்பில் செருகும் எச்டிஎம்ஐ முனை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். விஜிஏ முனையில் ஊசிகள் இல்லாமல் துளைகள் இருக்க வேண்டும். "எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு" என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள்.

1987இல் வந்த விஜிஏ அனலாக் முறையில், அதாவது தொடர்ந்து ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் படத்தை அனுப்புவது. எச்டிஎம்ஐ டிஜிட்டல், அதாவது படத்தை எண்களாக அனுப்புவது. ஒன்றை மற்றொன்றாக மாற்ற, நடுவில் ஒரு சிப் வேண்டும். ஆகவே சிப் இல்லாமல் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்த மலிவான கேபிள் உங்கள் லேப்டாப்பில் படம் காட்டாது.

விஜிஏ வழியாக ஒலி வராது. லேப்டாப் ஒலிபெருக்கியே போதுமென்றால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 4: இணையுங்கள்

லேப்டாப், மானிட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு விஜிஏ கேபிளின் முனையைப் பாருங்கள். நடு வரிசையில் ஓர் ஊசி இல்லாமல் இருக்கலாம். உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். பல கேபிள்கள் அப்படியேதான் வருகின்றன. ஊசி வளைந்திருந்தால்தான் சிக்கல். மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்துங்கள். மானிட்டரின் விஜிஏ கேபிளைக் கன்வெர்ட்டரிலும் கன்வெர்ட்டரை லேப்டாப்பிலும் செருகியபின் திருகுகளை விரலால் இறுக்கினாலே போதும். முதலில் மானிட்டரையும் பிறகு லேப்டாப்பையும் இயக்குங்கள்.

படி 5: விண்டோஸில் அமைப்பது

விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். இரண்டு திரைகளையும் ஒரே நீண்ட திரைபோல ஆக்கும் 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'டூப்ளிகேட்' வேண்டாம், அதில் இரண்டு திரைக்கும் ஒரே அளவைத் திணிப்பதால் பழைய திரையில் முகங்கள் நீண்டோ சப்பையாகவோ தெரியலாம்.

அடுத்து, டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' போங்கள். இரண்டு பெட்டிகள் தெரியும். மேசையில் மானிட்டர் இடப்பக்கம் இருந்தால் அதன் பெட்டியையும் இடப்பக்கம் இழுத்து வையுங்கள். அப்போதுதான் மவுஸ் நீங்கள் நினைத்த பக்கம் போகும்.

மானிட்டரின் பெட்டியைச் சொடுக்கி, ரெசல்யூஷனை (திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை) அதன் இயல்பான அளவில் வையுங்கள். சதுரம் போன்ற 17, 19 அங்குலத் திரைகளில் இது பெரும்பாலும் 1280×1024. 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பகுதியில் 60 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். இவற்றை மீறினால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மட்டும் காட்டிவிட்டுத் திரை கறுத்துவிடலாம்.

எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? அனலாக் சமிக்ஞையில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே தொடங்குகிறது என்பதை மானிட்டர் தானே கணிக்க வேண்டும். எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றை முழுத்திரையில் திறந்து, மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள். படம் ஒருமுறை நடுங்கி நகர்ந்து நிற்கும். எங்கள் திரையில் 'ண', 'ன' வேறுபாடே தெரியாமல் குழம்பியிருந்த வரிகள் அந்த ஒரே அழுத்தலில் தெளிந்தன.

படம் வரவில்லை என்றால்

மானிட்டரின் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானில் விஜிஏ தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு துளைகள் உள்ள மானிட்டர்களில் பெரும்பாலும் இதுவே காரணம்.

திரை முழுவதும் ஒரே நிறச் சாயல் படிந்திருந்தால் மானிட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஊசிகள் உண்டு. மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. கருஞ்சிவப்புக் கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. கழற்றி மீண்டும் செருகுங்கள். சரியாகாவிட்டால் வேறு கேபிள் மாட்டிப் பாருங்கள்.

லேப்டாப்பில் திடீரென்று சத்தம் நின்றுபோனால், ஒலி கன்வெர்ட்டருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். கீழே உள்ள ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டணத் தளங்களின் சில படங்கள் மட்டும் மானிட்டரில் கறுப்பாகத் தெரியலாம். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு விஜிஏ வழியே செல்லாததுதான் காரணம். அவற்றை லேப்டாப் திரையிலேயே பாருங்கள்.