ஐகானுக்கு டிரான்ஸ்பரன்ட் கலர் செலக்ட் பண்றது எப்படி? விண்டோஸ் ஃபார்ம்ஸ்ல படிப்படியா பார்க்கலாம்

விண்டோஸ் ஃபார்ம்ஸ்ல (மைக்ரோசாஃப்டோட டாட்நெட்ல விண்டோஸ் ப்ரோக்ராமுக்கு ஜன்னல், பட்டன் எல்லாம் செய்ற வசதி) புதுசா டூல்பார் செய்ற நிறைய பேருக்கு இந்தப் பிரச்சனை வரும், பெயின்ட்ல அழகா 16க்கு 16 சைஸ்ல ஒரு ஐகான் வரைஞ்சு பட்டன்ல போட்டா ஐகானைச் சுத்தி வெள்ளையா ஒரு சதுரம் ஒட்டிக்கிட்டு நிக்கும். வழக்கமான 24 பிட் பிட்மேப்ல ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கு மட்டும்தான் இடம், இந்த பிக்சல் காலியா இருக்கட்டும்னு சொல்ல அதுல வழியே கிடையாது. அதனால நாமளே ஒரு கலரை ஒதுக்கி வச்சு, இந்தக் கலர் வந்தா வரையாம விட்டுடுன்னு ப்ரோக்ராம்கிட்ட சொல்லணும். சினிமா ஷூட்டிங்ல பின்னாடி பச்சைத் துணி கட்டுறாங்களே, அதே வேலைதான்.

ஸ்டெப் 1: எந்தக் கலர்?

ஐகானுக்குள்ள எங்கயுமே வராத கலரா இருக்கணும், விதி இது ஒண்ணுதான். ஆனா பேக்ரவுண்ட் எப்படியும் வெள்ளையாத்தானே இருக்குன்னு நிறைய பேர் வெள்ளையையே குடுத்துடுறாங்க. "புது ஃபைல்" ஐகானை எடுத்துக்கோங்க, ஓரம் மடிச்ச ஒரு வெள்ளை பேப்பர், சுத்தி கறுப்புக் கோடு. வெள்ளையை டிரான்ஸ்பரன்ட் ஆக்கினா வெளிய இருக்கிற வெள்ளையோட சேர்ந்து பேப்பரும் போயிடும், வெறும் கோடு மட்டும் மிஞ்சும், அந்த ஓட்டை வழியா டூல்பாரோட சாம்பல் கலர் தெரியும். சாம்பல் கலரும் வேணாம், 192, 192, 192ங்கிறது (சிவப்பு, பச்சை, நீலம் அளவு இதே வரிசையில, ஒவ்வொண்ணும் 0லிருந்து 255 வரை) ஃப்ளாப்பி, பிரின்டர் மாதிரி ஐகான்ல நிழலுக்கு அடிக்கடி வர்ற கலர். கறுப்பு குடுத்தா அவுட்லைனே போச்சு.

அதனாலதான் விண்டோஸ் ப்ரோக்ராமர்ஸ் ரொம்ப காலமா மெஜந்தாங்கிற பளிச் பிங்க் கலரை யூஸ் பண்றாங்க, அதாவது 255, 0, 255. கண்ணைக் கூசுற அந்தக் கலர்ல யாரும் ஐகான் வரையுறது அபூர்வம், அதோட பழைய 16 கலர் பேலட்லயே அது இருந்ததால அந்தக் காலத்து சின்ன பிட்மேப்லயும் வேலை செஞ்சுது. டாட்நெட் கலர் லிஸ்ட்ல ஃப்யூஷியான்னு இன்னொரு பேர் இருக்கும், குழம்பிக்க வேணாம், ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான். உங்க ஐகானே கலர் பிக்கர், அதுல மெஜந்தா கட்டம் இருக்குன்னா மட்டும் வேற கலருக்குப் போங்க, 0, 255, 0 நல்ல சாய்ஸ், ஆனா ப்ரோக்ராம் கோடுல (code) அதுக்குப் பேர் லைம், கிரீன்னு டைப் பண்ணினா 0, 128, 0 வந்துடும், எதுவுமே மறையாது.

ஸ்டெப் 2: வரையுறது

பெயின்ட்ல எடிட் கலர்ஸ் போய் 255, 0, 255ன்னு நம்பரா டைப் பண்ணுங்க, கண்ணால பார்த்து ஏறக்குறைய ஒரு பிங்க்கை எடுக்காதீங்க. ஏன்னா இங்க நம்பர் அப்படியே பொருந்தணும், 254, 0, 255 இருந்தாக்கூட அந்த பிக்சல் மறையாம அப்படியே நிக்கும்.

புதுசா வரைஞ்சவங்க ஐகான் ஓரத்துல பிங்க் கலரா ஒரு மெல்லிசு கோடு தெரியுறதுக்கு இதுதான் காரணம். பிரஷ்ல வரைஞ்சா ஓரத்தை ஸ்மூத் பண்றதுக்காக ஐகான் கலரையும் மெஜந்தாவையும் கலந்து நடுவுல ஒரு கலரை சாஃப்ட்வேரே போட்டுடும், அது நாம குடுத்த கலர் கிடையாதே, அதனால மிஞ்சிடும். பென்சில் டூல்ல ஒவ்வொரு பிக்சலா வைங்க. பெருசா வரைஞ்சு அப்புறம் சின்னதாக்கவும் வேணாம், அப்பவும் இதே கலப்புதான் நடக்கும். சேவ் பண்ணும்போது பிட்மேப் இல்லன்னா பிஎன்ஜி, ஜேபெக் கூடவே கூடாது, அதோட கம்ப்ரஷன் மெஜந்தாவையே லேசா மாத்திடும்.

ஸ்டெப் 3: ப்ரோக்ராம்ல சொல்றது

டூல்ஸ்ட்ரிப் (விண்டோஸ் ஃபார்ம்ஸோட டூல்பார்) பட்டன்னா ப்ராப்பர்ட்டீஸ்ல இமேஜ்டிரான்ஸ்பரன்ட்கலர் பாருங்க, டிசைனர்ல சேர்த்த பட்டனுக்கு விஷுவல் ஸ்டுடியோவே மெஜந்தா போட்டு வச்சிருக்கும். வேற கலர் எடுத்திருந்தா இங்க மறக்காம மாத்துங்க.

இமேஜ்லிஸ்ட்னா, அதாவது பல ஐகானை ஒண்ணா சேர்த்து வைக்கிற லிஸ்ட்னா, டிரான்ஸ்பரன்ட்கலர், கலர்டெப்த் (ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட்), இமேஜ்சைஸ் மூணையும் முதல்ல செட் பண்ணிட்டு அதுக்கப்புறம் படங்களைச் சேருங்க, ஏன்னா டெப்த்தையோ சைஸையோ அப்புறம் மாத்தினா லிஸ்ட்டை திரும்ப உருவாக்கும், ப்ரோக்ராம் கோடுல சேர்த்த படமெல்லாம் போயிடும்.

ப்ரோக்ராம் கோடுல நேரா பண்றவங்க பிட்மேப்போட மேக்டிரான்ஸ்பரன்ட் மெத்தடைக் கூப்பிடலாம். அதுக்குள்ள எந்தக் கலரும் குடுக்காம விட்டா கீழ இடது மூலையில இருக்கிற பிக்சலோட கலரை அதுவா எடுத்துக்கும், ஐகான் அந்த மூலை வரைக்கும் வந்திருந்தா ஐகானோட கலரே காணாமப் போகும். அதனால எப்பவும் கலர்.மெஜந்தான்னு தெளிவா குடுங்க.

ஸ்டெப் 4: செக் பண்றது

டூல்பாரோட பேக்கலரை கொஞ்ச நேரம் அடர் நீலமாவும் அப்புறம் வெள்ளையாவும் மாத்தி ஓட்டிப் பாருங்க. அடர் கலர்ல நடுவுல இருக்கிற ஓட்டையும் ஓரத்து பிங்க்கும் பளிச்சுனு தெரிஞ்சிடும், சாம்பல்ல அது கண்ணுல படாது.

வளைவான ஓரம், மெல்லிய நிழல் எல்லாம் வேணும்னா இந்த முறையில முடியாது, இதுல ஒரு பிக்சல் ஒண்ணு இருக்கும் இல்லன்னா இருக்காது, பாதி டிரான்ஸ்பரன்ட்ங்கிறதே கிடையாது. அதுக்கு ஆல்ஃபா (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு டிரான்ஸ்பரன்ட்னு சொல்ற அளவு) இருக்கிற பிஎன்ஜி எடுத்து, இமேஜ்லிஸ்ட்ல கலர்டெப்த்தை 32 பிட் வச்சு, டிரான்ஸ்பரன்ட்கலரை டிரான்ஸ்பரன்ட்ன்னே விட்டுடுங்க. புது ப்ராஜெக்ட்னா நேரா இதுக்கே போங்க, மெஜந்தா வேலை பழைய பிட்மேப் இருக்கிற ப்ராஜெக்ட்டைக் கையில எடுக்கும்போதுதான் வரும்.