பொய் சொன்னாலே மோசடி ஆகிவிடுமா? அமெரிக்க வழக்குகளில் பொருண்மையைச் சோதிக்கும் முறை

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஒருவர் மேல் தபால் மோசடி, வங்கி மோசடி என்று வழக்குப் போட்டால், அவர் பொய் சொன்னார் என்று காட்டுவது மட்டும் போதாது. அந்தப் பொய்க்குப் பொருண்மை இருந்தது, அதாவது கேட்டவரின் முடிவைத் திருப்பக்கூடிய பொய் அது என்றும் நிரூபிக்க வேண்டும். வக்கீல்கள் மெட்டீரியாலிட்டி என்பது இதைத்தான். ஒரு குற்றப்பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

படி 1: சட்டப் பிரிவில் அந்தச் சொல்லைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்

தபால், தொலைத்தொடர்பு, வங்கி மோசடிப் பிரிவுகளில் அது கிடையாது. ஆனாலும் அது வேண்டும் என்று 1999-இல் நெடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மோசடி என்ற சொல்லுக்குள்ளேயே பழைய பொதுச் சட்டம் (நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே வளர்ந்த காமன் லா) பொருண்மையையும் வைத்திருந்தது, நாடாளுமன்றம் அந்த அர்த்தத்தோடுதான் சொல்லை எடுத்துக்கொண்டது என்பது காரணம்.

படி 2: பொய்யை ஒரே வரியில் எழுதுங்கள்

"கடன் விஷயத்தில் ஏமாற்றினார்" என்று எழுதினால் எதையும் சோதிக்க முடியாது. "வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் மாத வருமானம் 12,000 டாலர் என்று போட்டார், உண்மையில் 4,000" என்று எழுதுங்கள். பொய் மூன்று என்றால் மூன்று வரி.

படி 3: யாருடைய முடிவு?

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். 1995-இல் கோடின் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தாண்ட அளவுகோல் இது: யாரிடம் சொல்லப்பட்டதோ அந்த அமைப்பின் முடிவைப் பாதிக்கும் இயல்பு அந்தப் பொய்க்கு இருக்க வேண்டும், அல்லது பாதிக்க வல்லதாக இருக்க வேண்டும். ஆக, முடிவெடுப்பவர் யார், அவர் முன்னால் இருந்த முடிவு என்ன என்று இரண்டையும் எழுதியாக வேண்டும்.

லிட்வாக் வழக்கைப் பாருங்கள். வீட்டு அடமானக் கடன்களை அடிப்படையாகக் கொண்ட முதலீட்டுப் பத்திரங்களை விற்ற தரகர் அவர். தான் என்ன விலைக்கு வாங்கினேன் என்பதில் பொய் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அவரிடம் வாங்கிய முதலீட்டு நிதிகள் சிலவற்றில் அமெரிக்கக் கருவூலத்தின் பணமும் இருந்ததால், அரசிடமே பொய் சொன்னதாகவும் வழக்கு. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டது. எந்தப் பத்திரத்தை வாங்குவது என்று நிதி மேலாளர்களுக்குச் சொல்லும் அதிகாரமே கருவூலத்துக்கு இல்லை. முடிவே இல்லாத இடத்தில் பொய் எதைத் திருப்பும்? பணம் யாருடையது என்று பார்த்து நிறுத்திவிட்டால் இது கண்ணில் படாது.

படி 4: "அவங்க எப்படியும் கொடுத்திருப்பாங்க" என்ற வாதத்தை எடைபோடுங்கள்

கேட்டவர் உண்மையிலேயே ஏமாந்தாரா என்பது இங்கே கேள்வி இல்லை. பாதிக்க வல்லதா என்பதுதான் கேள்வி. வருமானத்தைச் சரிபார்க்காமலே கடன் அள்ளிக் கொடுத்த காலத்து வழக்கான லின்ட்சியில், கடன் கொடுத்தவரின் அலட்சியம் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தற்காப்பு ஆகாது என்று ஒன்பதாம் சுற்று (சர்க்யூட், அதாவது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்ட வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் சொன்னது. தொழிலின் பொது வழக்கம் என்ன என்று சாட்சியம் கொண்டு வரலாம், குறிப்பிட்ட அந்த நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்று கொண்டு வரக் கூடாது. தாளில் அழகான கோடு. நீதிமன்ற அறைக்குள் அதை அப்படியே காப்பாற்றுவது கஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

படி 5: நஷ்டத்தைத் தனியே வையுங்கள்

2025-இல் வந்த கூசிசிஸ் தீர்ப்பு இதற்கு நல்ல பாடம். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பாலத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்தம். பின்தங்கிய பிரிவினரின் நிறுவனத்திடம் பொருள் வாங்குவோம் என்று உறுதி கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் எடுத்தவர்கள் அந்த நிறுவனத்தைப் பெயருக்கு மட்டும் நடுவில் நிறுத்தினார்கள். வேலை என்னவோ ஒழுங்காகவே நடந்தது. பண நஷ்டம் ஏற்படுத்தும் எண்ணம் இல்லாவிட்டாலும் மோசடி ஆகும் என்றது உச்ச நீதிமன்றம், கூடவே பொருண்மை என்பது லேசான சோதனை இல்லை என்றும் நினைவூட்டியது. அந்த உறுதிமொழிக்குப் பொருண்மை இருந்ததா என்றே நீதிபதி தாமஸ் தனியாகச் சந்தேகம் எழுப்பியிருக்கிறார். அவர் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள்.

படி 6: முடிவு ஜூரியின் கையில்

இதை நீதிபதி தானே தீர்மானிக்க முடியாது, ஜூரியிடம் விட வேண்டும் என்பதும் கோடின் தீர்ப்புதான். அதனால் கடைசியாக, உங்கள் வழக்கு நடக்கும் சுற்றின் மாதிரி ஜூரி அறிவுரையை (நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை விளக்கப் பயன்படுத்தும் மாதிரி வாசகம்) எடுத்து, படி 2-இல் எழுதிய வரியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.