அடி காலியான கிளுவை வேலி

காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களை, சுற்றி நிற்கும் அதே கிளுவைதான் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் வேலி. மேலே அடர்ந்து தழைத்திருக்கும். முழங்காலுக்குக் கீழே வெறும் தண்டு. அடுத்த வீட்டு ஆடுகள் அந்தச் சந்தில் நுழைந்து கத்தரிச் செடிகளை மொட்டையடித்துவிட்டுப் போகும். கம்பிவலை கட்டச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோளாறு உச்சியில்தான் இருந்தது. முன்பு இருந்தவர்கள் மேல்பகுதியை மட்டும் வெட்டி வந்ததால் அது அகலமாக விரிந்து, அடிக்கு வெயிலே விடவில்லை. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்பாக, வேலியை முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். வெட்டிய கிளைகளில் கட்டைவிரல் பருமன் உள்ளவற்றைப் போத்துகளாக நறுக்கி, இடைவெளிகளில் ஒரு சாண் ஆழத்தில், ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்துக் குறுக்கும் மறுக்குமாக ஊன்றினேன். நேராக ஊன்றினால் ஆட்டுக்குட்டிக்கு அது வாசல். போத்தின் அடிமுனை மண்ணுக்குள் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நறுக்கிக் குவித்த பிறகு தலை எது, கால் எது என்று தெரியாது.

ஐப்பசி மழையில் துளிர்த்தது. கிளுவைத் தளிர் ஆட்டுக்கு உயிர் என்பதால், வெளிப்புறம் வேலமுள்ளை அடைத்து வைத்தேன். இப்போது கவாத்து செய்யும்போது அடியை அகலமாகவும் மேற்பகுதியைக் குறுகலாகவும் விடுகிறேன்.