அவசரம் என்று வருகிற மெசேஜ்: பதில் போட முதல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் பாதி உறவு போனுக்குள்தான் இருக்கிறது. கிளிநொச்சியில் இருக்கிற அம்மாவுக்கு மகள் ரொறன்ரோவில், மகன் பாரிஸில், தம்பி கட்டாரில். விடிய எழும்பி முகம் கழுவ முதலே வட்ஸ்அப்பில் யார் என்ன போட்டிருக்கினம் என்று பார்க்கிற பழக்கம் அதனால் வந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பாசம் வருகிற அதே வழியால்தான் கள்ளனும் வருகிறான். பரிசு விழுந்தது, லொத்தர் விழுந்தது என்று வருவதை இப்போது எங்களுடைய சனம் நன்றாகவே இனங்கண்டுகொள்கிறது. பிள்ளையின் பெயரில் வருவதுதான் வீழ்த்துகிறது.

குப்பை மெசேஜ் புதிய வியாதி இல்லை. 1978 மே 3ஆம் திகதி, அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலரான கேரி துயர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை ஒரேயடியாக அனுப்பினார். முதலாவது குப்பை மின்னஞ்சல் என்று அதைத்தான் சொல்வார்கள். அன்றிருந்த கணக்குத்தான் இன்றும்: அனுப்பச் செலவில்லை, ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர் மாட்டினாலே லாபம். ஆகவே தெரியாத நம்பரில் இருந்து வரும் “ஹலோ”வுக்கு “யார் நீங்கள்?” என்று மரியாதைக்குப் பதில் போடுவதே முதல் தவறு. இந்த நம்பரில் ஆள் இருக்கிறது, மெசேஜை வாசிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஏச்சுப் பதில் போட்டாலும் அதே பலன்தான். பதில் போடாமல் புளொக் பண்ணி, ரிப்போர்ட்டும் பண்ணிவிடுங்கள்.

இனி, பிள்ளையின் பெயரில் வருகிற அந்தப் “புது நம்பர்” மெசேஜ். இதைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும்.

“அம்மா, என்ர போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. இது புது நம்பர். ஒரு அவசர அலுவல், 45,000 இந்தக் கணக்குக்குப் போட்டுவிடுங்கோ. பின்னேரம் தாறன்.”

படம் மகனுடையதுதான், பேஸ்புக்கில் இருந்து எடுத்தது. “அம்மா” என்று கூப்பிடுவதற்கு ஒரு ஆராய்ச்சியும் தேவையில்லை. ஆனால் காசு போடச் சொல்கிற கணக்கு யாரோ ஒருவரின் பெயரில் இருக்கும். கேட்டால் “கூட்டாளியின்ர கணக்கு” என்று பதில் வரும். கோல் எடுத்தால் வெட்டிவிட்டு, “வேலையில நிக்கிறன், கதைக்கேலாது” என்று எழுதுவான். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள்: வந்த சந்தேகத்தை அந்தப் புது நம்பரிடமே கேட்டுத் தீர்க்கப் பார்க்கிறார்கள். அவன் எல்லாவற்றுக்கும் பதிலோடுதான் இருப்பான். பழைய நம்பருக்கு எடுங்கள். எடுபடாவிட்டால் மருமகளுக்கு எடுங்கள், மகனுடன் ஒரே ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்கு எடுங்கள். அதுவரைக்கும் ஒரு சதமும் போகக் கூடாது. உண்மையாகவே மகன் என்றால் ஒரு மணித்தியாலம் பிந்தினதற்காகக் கோவிக்கப் போவதில்லை.

“குரல் கேட்டனான், அவன்தான்” என்பதும் இப்போது போதாது. டிக்டொக்கில் போட்ட சின்ன வீடியோவில் இருந்தே ஒருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலி செய்ய முடிகிறது. அதனால் குடும்பத்துக்குள் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். இடம்பெயர முதல் வீட்டில் நின்ற பசுவின் பெயர், அம்மம்மா சின்னதில் கூப்பிட்ட செல்லப்பெயர், இப்படி எந்தப் பேஸ்புக்கிலும் ஏறாத ஒன்று. வன்னியில் ஒவ்வொரு குடும்பத்திடமும் இப்படி எத்தனையோ இருக்கின்றன.

அடுத்த சூழ்ச்சி இன்னும் மோசம், ஏனென்றால் அது தெரிந்தவரின் சரியான நம்பரில் இருந்தே வரும். “அக்கா, தெரியாமல் உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது, அதை ஒருக்கா அனுப்பிவிடுங்கோ.” அந்தக் கணக்கு ஏற்கெனவே கள்ளன் கையில். உங்களிடம் கேட்பது உங்களுடைய வட்ஸ்அப்பைத் திறக்கிற ஆறு இலக்கத் திறப்பு. அதைக் கொடுத்த மறுகணம் உங்கள் பெயரில் கோயில் குழு, பழைய மாணவர் குழு எல்லாவற்றுக்கும் காசு கேட்டு மெசேஜ் போகும். போனுக்கு வருகிற எந்தக் கோட்டும் உங்களுக்கு மட்டும்தான். வங்கியில் இருந்து கதைக்கிறோம் என்றாலும் சொல்லக் கூடாது. இன்றைக்கே வட்ஸ்அப் செட்டிங்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்கப் பின் நம்பர் ஒன்றை வையுங்கள்.

அந்தப் பின் நம்பருக்குப் பிறந்த திகதியை வைக்காதீர்கள். எங்களுடைய அடையாள அட்டை இலக்கமே பிறந்த நாளைச் சொல்லிவிடும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும், புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். வேலைக்கு, கடனுக்கு, நிவாரணத்துக்கு என்று கேட்டவனுக்கெல்லாம் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைக்க வேண்டும்.

இங்கே அதிகம் காணக்கூடிய இன்னொன்று, போன் கடையில் திறந்த ஜிமெயில். 2009இல் போர் முடிந்த பிறகு பலருக்குக் கணினியைக் காண முதலே போன் வந்தது. வாங்கிய கடையில் நின்ற தம்பியே ஜிமெயிலைத் திறந்து, பாஸ்வேர்ட்டையும் தானே போட்டுத் தந்தான். உதவிதான் செய்தான். ஆனால் பத்து வருசப் படங்கள், தொடர்பு நம்பர்கள், வங்கி அறிவித்தல் எல்லாம் உங்களுக்கே தெரியாத ஒரு பாஸ்வேர்ட்டில் தொங்குகின்றன. போன் துலைந்த அன்றைக்குத்தான் அதன் வலி தெரியும். பிள்ளையையோ மருமகனையோ பக்கத்தில் இருத்தி மாற்றுங்கள். மாற்றியதைப் போனிலேயே எழுதிவைக்காமல் ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதி இருக்கிற இடத்திலேயே வையுங்கள்.

மிஸ்ட் கோல் விசயத்தில் கனடா உறவு உள்ளவர்கள் கவனம். +1 என்று தொடங்கினால் கனடா என்று உடனே திருப்பி எடுக்கிறோம். அமெரிக்காவுக்கும் பல கரீபியன் தீவுகளுக்கும் அதே +1தான். ரொறன்ரோ என்றால் பெரும்பாலும் 416, 647, 437, 905 என்று தொடரும். 876 ஜமேக்கா, 473 கிரெனடா. ஒரு மணி அடித்து நின்றுபோகிற அழைப்புக்குத் திருப்பி எடுத்தால், உங்கள் ரீலோட் காசு கரையும், அதில் ஒரு பங்கு அழைத்தவனுக்குப் போகும். சொந்தக்காரர் என்றால் திரும்ப எடுப்பார்.

தபாலில் பார்சல் நிற்கிறது, சின்னத் தொகை கட்டுங்கள் என்று வரும் லிங்கில், https:// என்பதற்குப் பிறகு வருகிற முதலாவது சாய்கோட்டுக்குச் (/) சற்று முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று வடிவாகப் பாருங்கள். இலங்கைத் தபால் திணைக்களம் என்றால் அந்த இடம் டொட் கவ் டொட் எல்கே (.gov.lk) என்று முடியும். தொடக்கத்தில் தபால் என்று இருப்பதை நம்பாதீர்கள். அதை யாரும் எழுதலாம். எஸ்எம்எஸ்ஸின் மேல் வங்கியின் பெயர் தெரிவதும் அத்தாட்சி இல்லை, அதையும் போலியாகப் போட முடியும்.

வேலை விளம்பரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், இதில் போவது காசு மட்டும் இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம், சுற்றுலா விசாவில் வரலாம் என்று கூட்டிப் போகப்பட்ட இலங்கை இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, மற்றவர்களை ஏமாற்றும் மெசேஜ் போட வைக்கப்பட்டார்கள். உங்களுக்கு “ஹலோ” போடுகிறவனே அப்படி அடைபட்ட ஒரு தாயின் பிள்ளையாக இருக்கலாம். வெளிநாட்டு வேலை என்றால் முகவரின் உரிமத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னுமொன்று, எழுதவே மனம் கனக்கிறது. போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் இருந்தார்கள். அந்தப் படங்களும் பெயர்களும் இணையம் முழுக்க இருக்கின்றன. “உங்கட பிள்ளையைக் கண்டனாங்கள், செலவுக்குக் காசு போடுங்கோ” என்று ஒருவன் சொல்ல அதுவே போதும். அப்படி அழைப்பு வந்தால் தனியே முடிவெடுக்காமல், கூடப் போராடுகிற அம்மாக்களிடமும் சட்டத்தரணியிடமும் முதலில் சொல்லுங்கள். அயலவர்களும் “ஏன் நம்பினனீங்கள்” என்று அந்தத் தாயைக் கேட்கக் கூடாது.

காசு போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கு எடுத்துக் கணக்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள், பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். வந்த மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கணினிப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் (CERT) அமைப்பின் 101 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து உதவி கேட்கலாம். வட்ஸ்அப் பறிபோயிருந்தால் சொந்தக்காரருக்கு வேறு போனில் இருந்து சொல்லிவிட்டு, உங்கள் நம்பரைத் திரும்பப் பதிந்து, எஸ்எம்எஸ்ஸில் வருகிற கோட்டைப் போடுங்கள். அத்தோடு அவன் வெளியே போய்விடுவான். அவன் இடையில் பின் நம்பர் வைத்திருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டி வரும், ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே வர முடியாது.